மரத்தடியில் போட்ட மான்

மார்லிஸ் ஃபோனை வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலோரத் தொலைநோக்கியில் மறுபடியும் கண்ணைப் பதிக்கிறாள். ஆற்றங்கரை மரத்தின் உச்சியில், கட்டில் அகலக் கூட்டில், பெண் கழுகு அடைகாக்கிறது. அதன் வெள்ளைத் தலைமேல் பனித்தூள். ஆண் கழுகு தலை தொங்கி உறைந்த ஆற்றின்மேல் நின்றதைப் பார்த்து, நேற்று பறவை மருத்துவமனைக்கு அனுப்பியவள் இவள்தான். "செத்துப்போச்சாம்," என்கிறாள். "ரத்தமெல்லாம் ஈயமாம். தோட்டா ஈயம்." பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்த கணவன் வெர்லினின் கை நின்றுபோகிறது. போன வாரம் கார் அடித்துக் கால் முறிந்து துடித்த மானை அவன் சுட்டான். அடைகாக்கிற ஜோடிக்கு ஆகட்டுமென்று அந்த மரத்தடிக்கே இழுத்துப்போய்ப் போட்டான். "ஒரே ஒரு குண்டுதானே சுட்டேன், மார்லிஸ்." "அது பொடிப்பொடியாச் சிதறி கறி பூரா இருக்குமாம். ஒரு கழுகு சாக மிளகு அளவு போதுமாம்." "இப்பவே போய் இழுத்துட்டு வந்துடறேன்." "தரையோட உறைஞ்சு கெடக்கு. கடப்பாரைய எடுத்துட்டுப் போ." தொலைநோக்கியில் பெண் கழுகு எழுந்து நிற்கிறது. ஆண் கழுகு சோர்ந்துபோனதிலிருந்து, மூன்று நாளாக அதற்கு இரை வரவில்லை. முட்டைகளைக் குளிர்காற்றில் விட்டுவிட்டுச் சரிந்து இறங்கி, மானின் விலாமேல் அமர்கிறது. வெர்லின் முழங்கால் ஆழப் பனியில் விழுந்து எழுந்து, கடப்பாரையை ஆட்டிக் கத்திக்கொண்டே ஓடுகிறான். குளிர்காலம் முழுக்கக் காலைதோறும் வேலியோரம் நின்று அவன் குரல் கொடுத்துப் பழக்கிய பறவை அது. தலை நிமிர்த்தி அவனை ஒருமுறை பார்க்கிறது. பிறகு, பயமில்லாமல், குனிந்து கிழித்துத் தின்னத் தொடங்குகிறது.