மூன்றாவது முறை கொடுத்த நாற்காலி

மேடை வெளிச்சத்தில் புதுச் சக்கர நாற்காலியின் பிரிக்காத பாலிதீன் உறை பளபளக்கிறது. கால் விளங்காத அம்மாளுக்கு முதலாளி அதை இரண்டு தடவை வழங்கியாயிற்று. முதல் படத்தில் அவர் கண் மூடிவிட்டது, இரண்டாவதில் அவர் மனைவி இல்லை. இப்போது மனைவி உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். "போட்டோக்காரரே, இன்னொண்ணு எடுத்துடுங்க. அம்மா, கொஞ்சம் எந்திரிங்க, மறுபடி கொடுத்துடறோம்" என்கிறார் முதலாளி. இரண்டு பேர் அம்மாளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்க்கிறார்கள். அவள் செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. போட்டோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதுகள் கொடுக்க வந்ததா, படம் பிடித்துக்கொள்ள வந்ததா? அம்மாள் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "எந்திரிக்க முடிஞ்சா இந்த வண்டி எனக்கு எதுக்குய்யா?" முதலாளியின் சிரிப்பு உதட்டிலேயே செத்துப்போகிறது. அவர் அவளை எரித்துவிடுவது போல முறைக்கிறார். இந்தத் தடவை கண் மூடவில்லை. போட்டோக்காரர் பொத்தானை அழுத்துகிறார்.