வீட்டுக்கு ஒருவர்

“உங்களுக்கு மூட்டு வலி ஏதாவது இருக்கா?”

“எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன் மேடம். இல்லைன்னே எழுதிக்குங்க.”

கணக்கெடுக்க வந்த பெண் நிம்மதியாக டிக் அடித்தாள். காலையிலிருந்து பதினோரு வீடு ஏறி இறங்கியாகிவிட்டது. ஊரார் மூட்டு வலியை எல்லாம் கேட்டுக் கேட்டு அவள் கால்களே கெஞ்ச ஆரம்பித்திருந்தன.

நாடு முழுக்க முடக்குவாதம் எத்தனை பேருக்கு இருக்கிறது, எந்த வயதில் வருகிறது, முதலில் எந்த விரலைப் பிடிக்கிறது என்று எடுக்கிற கணக்கு அது.

“வீட்டுக்கு ஒருத்தரைத்தான் கேட்போம். அது யாருன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லிடும். இங்கே உங்க பேர் விழுந்திருக்கு. மத்தவங்களைச் சேர்த்தா கணக்கே கெட்டுடும்” என்று வந்தவுடனே விளக்கியிருந்தாள்.

ஆள் பிளம்பர். வயது ஐம்பது. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

“சரி, வலி இருந்தா என்ன மேடம் செய்வீங்க?” என்று சும்மா கேட்டு வைத்தார்.

“டாக்டரே வீட்டுக்கு வந்து பார்ப்பார். ரத்தமும் இங்கேயே எடுப்பாங்க. மருந்துக்கும் ஏற்பாடு பண்ணுவாங்க. எல்லாம் இலவசம்.”

“டாக்டர் வீட்டுக்கே வருவாரா?”

“ஆமா.”

பிளம்பர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“அந்த டிக்கை அழிச்சிடுங்க மேடம். எனக்கு இருக்கு.”

“என்ன இருக்கு?”

“வலிதான். காலையில எழுந்தா முக்கால் மணி நேரம் விரல் மடங்காது. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. முட்டியெல்லாம் வீங்கிக்கும். குழாயைக்கூடத் திருக முடியாது.”

“நீங்க பிளம்பர்தானே?”

“அதான் மேடம் கஷ்டமே. தலை வாரக்கூட முடியலைன்னா பாருங்களேன்.”

அவள் பேனாவை நிறுத்திவிட்டு அந்த வழுக்கையைப் பார்த்தாள். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வியாதியையே வாங்கிக்கொள்கிறவரை இன்றுதான் பார்க்கிறாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. ஆர்டருக்குக் கேக் செய்து கொடுக்கும் மனைவியின் குரல் வந்தது.

“யாருக்கு வலி? அவருக்கா? நம்பாதீங்கம்மா! நேத்துதான் நாலு இரும்புப் பைப்பைத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறினார்!”

“நீ உன் கேக்கைக் கவனி” என்று சிரித்தார் பிளம்பர். பிறகு குரலைத் தாழ்த்தி, “டாக்டரைக் காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க மேடம். அப்பதான் நல்லாத் தெரியும்.”

டாக்டருக்கே நேரம் குறித்துக் கொடுக்கிறார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் என்று மனதுக்குள் திட்டினாள். ஆனால் சொன்னதை எழுதுவதுதான் அவள் வேலை. எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம், ஏழு மணிக்கு டாக்டரும் அவளும் வாசலில் நின்றார்கள். மூன்று முறை பெல் அடித்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே யாரோ தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவழியாகத் திறந்தவள் மனைவி.

“தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் அவர்தான் கதவைத் திறப்பார். இன்னிக்கு என்னமோ மகாராஜா மாதிரி உட்கார்ந்துட்டார்.”

மகாராஜா நாற்காலியை விட்டு அசையவில்லை. “டாக்டருக்குத் தண்ணி கொண்டா” என்று உத்தரவு வேறு. கணக்கெடுக்கும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் பிளம்பரின் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

“வலிக்குதா?”

“இல்லைங்க.”

“என் விரலை இறுக்கிப் பிடிங்க.”

பிடித்தார்.

“ஐயோ, விடுங்க!” என்று கத்தியவர் டாக்டர்.

கையை உதறிக்கொண்டே டாக்டர் பொரிந்து தள்ளினார். “உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை! இந்த நோயை ஆரம்பத்துலயே பிடிச்சா விரல் கோணாமக் காப்பாத்தலாம். விட்டுட்டா அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது. அதுக்குத்தான் நாடு பூரா வீடு வீடா ஏறி இறங்கறோம். நிஜமா வலிக்கிற ஒருத்தருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தை வீணாக்கிட்டீங்களே!”

“இப்படிப் புளுக உங்களுக்கு வெட்கமா இல்லையா?” என்று கணக்கெடுக்கும் பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

பிளம்பர் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள். தட்டை விரல்களால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளின் மேல் வைத்து, கைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு அடி மேல் அடி வைத்து வந்தாள். டாக்டரின் பார்வை அவளுடைய வீங்கிய விரல் முட்டிகளில் போய் நின்றது.

பிளம்பர் சட்டென்று எழுந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“ஒரு வருஷமா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடறேன் டாக்டர். கேக் செய்யக் கூடாதுன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துக்கிட்டு வர மாட்டேங்கிறா. நான் சொன்ன வலியெல்லாம் நிஜம்தாங்க. உங்க கம்ப்யூட்டர்தான் ஆளை மாத்திக் குலுக்கிடுச்சு.”