துரைக்கு ஒரு வாய்

மாடிவீட்டு இத்தாலிக்காரி அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது துரையைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இத்தாலி மொழி தவிர வேறெதுவும் துரையின் காதில் ஏறாது. இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. வாசல் கதவையே பார்த்தபடி படுத்திருந்தார்.

“அந்தம்மா நாளைக்கு வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?” என்றாள் தையல்காரர் மனைவி.

“ஒரு வாயாவது சாப்பிட வைக்காம ஊசியைத் தொட மாட்டேன்!”

தையல்காரர் மாடிவீட்டிலிருந்து இத்தாலி இலக்கணப் புத்தகத்தை எடுத்துவந்து, ‘சாப்பிடு’ என்கிற வினைச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறந்தகாலத்தில் சொன்னார். எதிர்காலத்தில் சொன்னார். துரை கொட்டாவி விட்டார்.

“மாஞ்சா!” என்று கட்டளையே போட்டுப் பார்த்தார்.

“பட்டம் விடவா கூப்பிடுறீங்க? பெரிய இடம், அதட்டினா ரோஷம் வராதா? கெஞ்சிப் பாருங்க.”

சாப்பிடுவீர்களா, சாப்பிட்டால் மகிழ்வேன், சாப்பிட்டிருந்திருக்கலாமே என்று வியர்க்க வியர்க்க ஐம்பத்திரண்டு வடிவங்கள் ஆயின. தொண்டை கட்டியது. மனுஷர் விடவில்லை. ஐம்பத்துமூன்றாவதாகத் தரையில் மண்டியிட்டு, ‘தாங்கள் உண்பீர்களாக’ என்பதற்கான மரியாதைச் சொல்லைத் தேடியெடுத்து, “மாஞ்சி” என்றார்.

“இவ்வளவு மரியாதையா என்னை ஒருநாளாவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பீங்களா?” என்றாள் மனைவி.

துரை எழுந்தார். தட்டைத் துப்புரவாகக் காலி செய்தார். பிறகு, பெரிய மனிதருக்குரிய நிதானத்தோடு, இரண்டே இரண்டு முறை வாலை ஆட்டினார்.