வலது கைக் கடிகாரம்

மருமகளின் கையை இறுகப் பிடித்திருந்த அந்த ஆண் கைக்கு, முழங்கைக்கு மேல் ஆளே இல்லை. மடிக்கணினித் திரையில் படம் அந்த இடத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில், ‘இந்தக் கையைப் பிடித்தால் எனக்குப் பயமே இல்லை’ என்று இருந்தது.

தண்ணீர் குடிக்கச் சாப்பாட்டு மேசைக்கு வந்த பெரியவர், டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். படத்தில் இருப்பது சாட்சாத் தம் மருமகள்தான். குனிந்த தலை, உதட்டோரம் ஒரு சிரிப்பு. எப்போதும் இடது பக்கம் எடுக்கும் வகிட்டைக்கூட வலது பக்கம் மாற்றி எடுத்திருந்தாள்.

அந்த ஆணின் மணிக்கட்டில் கறுப்பு வார் போட்ட கடிகாரம். அதுவும் வலது கையில்! பெரியவர் தம் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். மகனோ கடிகாரமே கட்டாதவன். அப்படியானால் இவன் யார்?

நிழல் பட்டதும், மேசையில் வேலையாக இருந்த மருமகள் சட்டென்று மடிக்கணினியின் மூடியை இறக்கினாள். “என்ன மாமா, தண்ணியா? நான் எடுத்துத் தரேன்.”

“வேண்டாம். எனக்குக் கை இருக்கு.”

தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். உட்கார்ந்தால்கூட முதுகு நாற்காலியில் சாயாது. கோபம் வந்தால் மட்டும் நாக்கு, போன மாதம் கடைவாய்ப்பல் பிடுங்கிய பள்ளத்தைத் துழாவத் தொடங்கிவிடும். இப்போதும் துழாவியது.

அவளுடைய வேலை அவருக்குத் தெரியாததல்ல. கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்று பலருக்கும் சமூக வலைத்தளத்தில் போட, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் படவரிசை செய்து கொடுப்பவள். “முதல் படத்தைப் பாதியில நிறுத்தணும் மாமா. மீதி என்னன்னு பார்க்க விரல் துடிக்கணும்,” என்று அவளே ஒருநாள் விளக்கியிருக்கிறாள். இப்போது துடித்தது அவருடைய விரல்.

நேரே சமையலறைக்குப் போய் மனைவியிடம் பொருமினார். “உன் மருமக செய்யற படத்துல நம்ம மானத்தையும் சேர்த்துத்தான் தள்ளப்போறாங்க.”

“காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? அது அவ தொழிலு.”

“அடுத்தவன் கையைப் பிடிக்கிறதா தொழிலு?”

மாலையில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து யாரிடமோ தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது. “நாம அன்னைக்கு எடுத்த படம்தான் சார். முகம் வேண்டாம், கை மட்டும் போதும். யாருன்னு தெரிஞ்சா எங்க வீட்ல பிரளயமே வந்துடும்.”

பெரியவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. அவளுடைய அப்பாவை அழைத்து, கையோடு புறப்பட்டு வரச் சொன்னார்.

சம்பந்தி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகம் வெளிறியிருந்தாலும் மரியாதையை விடவில்லை. “பல்லு பிடுங்கின இடம் ஆறிடுச்சா சம்பந்தி?”

“அதெல்லாம் ஒரு விஷயமா? மரத்துப்போற ஊசிகூட வேண்டாம்னுட்டேன். ஒரு முனகல் கிடையாது. பயமும் பொய்யும் இந்தக் குடும்பத்துலயே இல்ல. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

மருமகள் தரையைப் பார்த்தாள். தலை நிமிர முடியவில்லை பார், என்று நினைத்துக்கொண்டார் பெரியவர்.

“திற அதை. உங்கப்பா முன்னாடியே திற.”

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கையும் கடிகாரமும் தெரிந்தன. சம்பந்தி கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார். “என்னம்மா இது?”

“எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. வலது கையில வாட்ச் கட்டுற இவன் யாரு?”

“படத்தை இடவலமாத் திருப்பிப் போட்டிருக்கேன் மாமா. கை வலப்பக்கமா நீண்டாத்தான் பார்க்கிறவங்க அடுத்த படத்துக்குத் தள்ளுவாங்க.”

“கதை அளக்காதே. ஆளைக் காட்டு.”

“அடுத்த படத்துலயும் முகம் இல்ல மாமா. வெட்டிட்டேன்.”

“வெட்டாத படம் ஒண்ணு இருக்குமில்ல? அதைக் காட்டு.”

“வேண்டாம் மாமா.” அவள் குரல் கெஞ்சியது. “இந்த வீட்டு மானத்துக்காகத்தான் சொல்றேன்.”

“மானத்தைப் பத்தி எனக்கே பாடமா?” பெரியவர் எழுந்து நின்றார். “காட்டப்போறியா, இல்ல உங்கப்பாவோட கிளம்பப்போறியா?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் ஒரு பொத்தானைத் தட்டினாள். வெட்டாத, திருப்பாத அசல் படம் திரை முழுக்க விரிந்தது.

மாமியார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் குனிந்தார்.

“சம்பந்தி... பல் டாக்டர் நாற்காலியில என் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுறது நீங்கதானே?”