தலை வாராத இளவரசி

மேனேஜர் பேசிக்கொண்டிருந்தபோது, லேபிள் சுருள்கள் அடுக்கிய அலமாரிக்குள்ளிருந்து ஒரு குழந்தைக் குரல் விம்மியது.

"இளவரசி அழறா... தலை வாரி மூணு நாளாச்சு... யாராவது வாங்களேன்!"

பார்சல் கூடத்தில் நின்றிருந்த இருபத்திரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வேலை நேரத்தில் எல்லார் ஃபோனும் வாசல் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்பது விதி. பெட்டியிலிருந்த ஃபோன்களை எண்ணினார்கள். இருபத்திரண்டும் சரியாக இருந்தன. அப்படியானால் இது யாருடையது?

விதியைப் போட்டவர் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சிடுமூஞ்சி' என்று பெயர். பதினெட்டு வருஷத்தில் ஒரு பார்சல்கூட முகவரி மாறிப் போனதில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த மூஞ்சிதான். அவருக்கு மட்டும் பெட்டி கிடையாது. அவரிடம் இருந்தது பழைய பட்டன் ஃபோன். "பேசலாம், கேட்கலாம். மனுஷனுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்.

மேனேஜர் அலமாரிக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தார். லாக் கூடப் போடவில்லை. திரை முழுக்க ரோஸ் கலர்.

"லெவல் இருநூத்திப் பதினாலு" என்று வாய்விட்டுப் படித்தார்.

"துப்பாக்கி கேம்னாலும் பரவாயில்ல சார், மூளைக்கு வேலை இருக்கு. பொம்மைக்கு ஜடை போடுறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றார் லோடு ஏற்றுகிறவர். டீ இடைவேளையில் ஃபோனில் நாற்பது பேரையாவது சுட்டுவிட்டு வருகிற மூளை அவருடையது.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "பொம்பளைங்க சமாச்சாரம் சார். நான் விசாரிச்சு வைக்கிறேன்."

"நீங்க எதுக்குய்யா? நம்பரை ஆபீஸ்ல கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்."

"என்னோடது சார்."

சொன்னது லேபிள் அக்கா. லேபிள் ஒட்டுகிறவர், ஆண்கள் உட்பட எல்லாருக்கும் அக்கா. அன்றைக்கு மேனேஜர் வந்ததே அவருக்காகத்தான். காலை ஷிஃப்ட்டுக்கு லீடராக முதன்முதலில் ஒரு பெண்ணைப் போடுவதாக இருந்தார்கள். மேனேஜரின் இடது கையில் பேர் எழுதிய காகிதம், வலது கையில் அழுகிற இளவரசி.

"உன் ஃபோன் பெட்டியில இருக்கே?"

"இது இன்னொண்ணு சார்."

மேனேஜர் காகிதத்தை மடித்தார். "பொம்மைக்கு ஜடை போடுறவங்களை நம்பி இருபது பேரை எப்படிம்மா ஒப்படைக்கிறது? சூப்பர்வைசர், நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சார் சொல்றது? விதின்னா விதி."

"சாயங்காலத்துக்குள்ள விளக்கம் எழுதிக் கொடு. அதுல சூப்பர்வைசர் சிபாரிசு பண்ணினா யோசிக்கிறேன். இல்லைன்னா வேற ஆள்." ஃபோனை அக்காவின் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் வரிசையிலிருந்து, "இளவரசி சாப்பிட்டாச்சா?" என்று ஒரு குரல் வந்தது. பெண்கள் பக்கம் அதைவிட மோசம்.

"இத்தனை வருஷம் கழிச்சு நம்மள்ல ஒருத்திக்குப் போஸ்ட் வருது. அதையும் ஜடை போட்டே தொலைச்சிட்டியேக்கா" என்று பேக்கிங் செய்கிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

லேபிள் அக்கா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

சாயங்காலம் அக்கா சூப்பர்வைசரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சூப்பர்வைசர் எழுந்து நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் யாருக்கும் எழுந்து நின்றதில்லை.

அக்கா ஃபோனை மேஜைமேல் வைத்தார்.

"தலை வாரிட்டேன் சார். ரெட்டை ஜடை. மேனேஜர் வர்றார்னு மூணு நாளா உங்களுக்கு நேரமே இல்ல. சிக்குப் பிடிச்சுக் கிடந்தா, பாவம்."

சூப்பர்வைசர் அவசரமாக ஃபோனை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

"எப்படிம்மா... எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஆறு மாசமா. நான் ஒட்டுற லேபிளை நீங்க தினமும் அரை மணி நேரம் அலமாரிக்குப் பின்னாடி நின்னு எண்ணுறீங்களே."

"வீட்டுலகூடத் தெரியாதும்மா." வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்தார். "போஸ்ட் போயிடும்னு தெரிஞ்சும் ஏன் அப்படிச் சொன்னே?"

"என்னைன்னா பொம்பளைப் புத்தின்னு நாலு நாள் சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. உங்களைன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் இளவரசின்னுதான் கூப்பிடுவாங்க. அப்புறம் நீங்க முறைச்சா இங்க யார் சார் பயப்படுவாங்க?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது.

லேபிள் அக்கா விளக்கக் கடிதத்தை அவர் முன்னால் விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

"ஜடை போடுறவங்களால இருபது பேரைக் கட்டி மேய்க்க முடியுமான்னு மேனேஜருக்குச் சந்தேகம். பேஷா முடியும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். அதைச் சொல்றதுக்கு உங்களைவிட அனுபவசாலி வேற யார் இருக்கா?"