சந்தை வாசலில் விழுந்த சாவி

ஊருக்குப் புதிதாக வந்த மரகதவல்லியின் வீட்டுச் சாவி சந்தை வாசலில் விழுந்தது. "இங்கேயே கிடந்தா அவ வந்து எடுத்துக்குவா" என்று காத்திருந்தது.

பூக்காரர் ஒருவர், "பாவம், யாரோ தேடுவாங்க" என்று அதை டீக்கடை ஆணியில் மாட்டினார். டீ குடிக்க வந்தவர், "பஸ் ஸ்டாண்டுன்னா நாலு பேர் கண்ணுல படும்" என்று அங்கே கொண்டுபோனார்.

"எடுத்த இடத்துலயே போடுங்களேன்" என்று சாவி வழியெல்லாம் தவித்தது. மரகதவல்லி டீக்கடைக்கு வந்தபோது ஆணி காலி.

கடைசியில் ஒருவர் விசாரித்து, வெயிலில் சைக்கிள் மிதித்து, சாவியை அவள் வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசற்படியில் பூட்டு உடைந்து கிடந்தது.

"யார் செஞ்சது?" என்று சாவி பதறியது.

"உனக்குக் கிடைச்ச மாதிரியே நல்லவங்கதான்" என்றது பூட்டு. "அவ வாசல்ல நின்னதைப் பார்த்து மனசு கேக்காம, சுத்தியலோட ஓடி வந்தாங்க."