பதினோரு தலைமுறைக் கார்டியன்

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றை வைத்து ஊட்டியில் சவாரி விடும் சூசைராஜ், மகள் ஜெனிட்டாவைப் பள்ளியில் சேர்க்கப் போனார்.

"அஞ்சு தலைமுறை வம்சச் சான்று எங்கேய்யா?" என்றார் எழுத்தர்.

"எங்க தாத்தா பேரே சரியாத் தெரியாதுங்க. என் குதிரைக்குத்தான் பதினோரு தலைமுறைக்குப் பேப்பர் இருக்கு."

அதை வாங்கிப் படித்த எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? அவரையே கார்டியனாப் போட்டுடலாம்."

ஜெனிட்டாவுக்கு இடம் கிடைத்தது.

பெற்றோர் கூட்டத்துக்குக் குதிரையை மட்டும் உள்ளே விட்டார்கள். சூசைராஜ் வாசலில் நின்றார்.

"பொண்ணு கணக்குல கொஞ்சம் வீக் சார்" என்று டீச்சர் பணிவாக நீட்டிய மதிப்பெண் அட்டையைக் குதிரை மென்று தின்றது.

"கோச்சுக்காதீங்க சார்" என்று பதறிய டீச்சர், புது அட்டை எடுத்து நூற்றுக்கு நூறு போட்டார்.